உஷார்! கறுப்பு கோட்டு தைக்கக் கொடுக்கும் முன்…

"சார், பரீட்சைக்கு மட்டும் பையனை அனுப்பினா போதும். அட்டெண்டன்ஸ் எல்லாம் அவங்களே பாத்துப்பாங்க. மூணே வருஷம். அப்புறம் உங்க பையன் வக்கீல்!"

ரிசல்ட் வரும் வாரத்தில் இந்தக் குரல் உங்கள் போனிலும் ஒலிக்கலாம். ஸ்ரீரங்கம் உத்திர வீதியாக இருந்தாலும் சரி, தில்லைநகர் குறுக்குத் தெருவாக இருந்தாலும் சரி, 'கிரிமினல் லாயர் ஆகணும்' என்று பிள்ளை வாய்திறந்த வீடு புரோக்கர்களுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. உஷார்! முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

இந்த ஆசை நம் ஊருக்குப் புதிதில்லை. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதா, கணேஷ், வசந்த் என்று இரண்டு வக்கீல்களை உலவவிட்டார். கொலை நடந்த இடத்துக்கே போவார்கள், போலீஸுக்கு முன்னால் துப்பைப் பிடிப்பார்கள், நடுவில் ஜோக்கும் அடிப்பார்கள். அதைப் படித்துவிட்டு சட்டம் படிக்க வந்தவர்கள் உண்டு. ஆனால் சுஜாதா வக்கீல் இல்லை, பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த இன்ஜினியர். அவருடைய கணேஷுக்கு பார் கவுன்சில் பதிவு பற்றிய கவலை கிடையாது. வசந்துக்கு மாதக் கடைசியில் ரூம் வாடகைத் தொல்லை கிடையாது. உங்கள் பிள்ளைக்கு இரண்டும் உண்டு.

படிக்க இடமில்லையா என்றால், அப்படியும் இல்லை. அரசு சட்டக் கல்லூரி 1979-லிருந்து திருச்சியில் இருக்கிறது. திண்டுக்கல் சாலையில் நவலூர் குட்டப்பட்டில், ஸ்ரீரங்கம் தாலுகாவுக்குள்ளேயே, தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் 2013 முதல் நடக்கிறது. கன்டோன்மெண்டில் கோர்ட் வளாகம், ஊரிலேயே மத்திய சிறை, மேல்முறையீட்டுக்கு 2004 ஜூலையில் திறந்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. எல்லாம் கைக்கெட்டும் தூரம்.

அப்படியும் ஏமாறுகிறார்கள். காரணம் ஒன்றுதான். கிரிமினல் வக்கீலுக்கு முதல் பாடம், 'யார் சொன்னாலும் நம்பாதே, அசல் காகிதத்தை வாங்கிப் பார்' என்பது. அந்தப் பாடத்தைக் கோர்ட்டுக்குப் போன பிறகு படித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள்தான் மாட்டுகிறார்கள். உங்கள் முதல் கேஸ் உங்கள் அட்மிஷன்தான்.

உஷார் 1: டிசம்பரிலேயே சாத்திவிடும் கதவு

தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர 'கிளாட்' நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ப்ளஸ் டூ முடிவு வந்தபின் மே மாதம் விசாரித்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் அந்த வருஷம் போச்சு. 2025 சேர்க்கைக்கான தேர்வு 2024 டிசம்பர் 1-லேயே முடிந்தது. 2026 சேர்க்கைக்கான தேர்வு 2025 டிசம்பர் 7. அதாவது, பிள்ளை ப்ளஸ் டூ அரையாண்டுத் தேர்வுக்குப் படிக்கும் நேரத்தில் இந்தத் தேர்வும் வந்துவிடுகிறது. 120 கேள்வி, 2 மணி நேரம், தப்பான பதிலுக்குக் கால் மார்க் கழிவு.

அரசு சட்டக் கல்லூரி வழி வேறு. அங்கே தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கவுன்சலிங். ஐந்தாண்டுப் படிப்புக்கு ப்ளஸ் டூ மதிப்பெண், மூன்றாண்டுப் படிப்புக்கு டிகிரி மதிப்பெண். 'ஆள் இருக்கு, சீட் வாங்கித் தர்றேன்' என்பவரிடம், 'கட் ஆஃப் என்ன, ரேங்க் என்ன' என்று கேளுங்கள். பேச்சு அதோடு நின்றுவிடும்.

உஷார் 2: வகுப்புக்குப் போகாத பட்டம்

தொலைதூர ரயிலில் போய்ப் பரீட்சை எழுதிவிட்டு வருகிற பட்டங்களுக்குக் கோர்ட் வட்டாரத்தில் ஒரு பெயர் உண்டு: லெட்டர்பேடு காலேஜ். லெட்டர்பேடில் மட்டும் இருக்கும் கல்லூரி. இதைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றமே பல முறை கவலை தெரிவித்திருக்கிறது. இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகள் தெளிவாக இருக்கின்றன. சட்டப் படிப்பு என்றால் நேரில் போய்ப் படிக்கும் ரெகுலர் படிப்பு. அஞ்சல் வழி, தொலைநிலை, ஆன்லைன் எல்.எல்.பி.யை வைத்துக்கொண்டு வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. ஆறு மாத 'கிரிமினல் லா டிப்ளமோ' சான்றிதழ் சுவரில் மாட்டத்தான் உதவும், கோர்ட்டில் ஆஜராக உதவாது.

இன்னொரு குழியும் இருக்கிறது. பத்தாம் வகுப்பு, ப்ளஸ் டூ, அப்புறம் டிகிரி என்ற வரிசை முக்கியம். ப்ளஸ் டூ படிக்காமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர்கள், அதை அடிப்படையாக வைத்துச் சட்டப் படிப்பில் சேர முடியாது என்று அதே விதிகள் சொல்கின்றன. ப்ளஸ் டூ முடித்துவிட்டு அஞ்சல் வழியில் பி.ஏ. படித்தவர் பயப்பட வேண்டாம். மூன்று வருஷம் படித்து, கோட்டும் தைத்துவிட்டு, பதிவு நேரத்தில் 'உங்கள் அடிப்படைப் பட்டமே செல்லாது' என்று கேட்பதைவிடப் பெரிய தண்டனை ஏது?

பணம் கட்டுமுன் பாருங்கள்: கல்லூரிக்கு இந்திய பார் கவுன்சில் அனுமதி இருக்கிறதா, நீங்கள் சேரும் வருஷத்துக்கும் அது செல்லுபடியா? புரோஷரில் அல்ல, அனுமதிக் கடிதத்திலேயே பாருங்கள்.

உஷார் 3: 302 இப்போது கொலை இல்லை

சட்டம் படிக்கும் ஒரு தம்பி சமீபத்தில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய கைடை என்னிடம் காட்டினார். அட்டையில் 'லேட்டஸ்ட் எடிஷன்' என்று பளபளக்கும் ஸ்டிக்கர். ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன். அடியில் அச்சாகியிருந்த வருஷம் 2019. பாதி விலைக்குக் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டவர் முகம் வாடிவிட்டது. தப்பு கடைக்காரர் மேல் மட்டும் இல்லை. உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கியது யார்?

2024 ஜூலை 1 முதல் நாட்டின் கிரிமினல் சட்டமே மாறிவிட்டது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா, 511 பிரிவுகள் போய் 358. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 484 போய் 531. சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பாரதிய சாக்ஷ்ய அதினியம், 167 போய் 170.

எண் மாறியதோடு போகவில்லை. பழைய எண் இன்னும் உயிரோடு இருக்கிறது, வேறு வேலை பார்க்கிறது. அதுதான் ஆபத்து.

சினிமா நமக்குச் சொல்லிக்கொடுத்த 302-ஐ எடுங்கள். கொலைக்குத் தண்டனை இப்போது 103. புதிய சட்டத்தின் 302, வேண்டுமென்றே மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சுக்கு. ஊரே வசவாகப் பயன்படுத்தும் 420, புதிய சட்டத்தில் 318(4). 358-லேயே முடிந்துவிடும் சட்டத்தில் 420-க்கு எங்கே இடம்? ஊரடங்கு என்றால் 144 என்போம். அது இப்போது 163. புதிய நடைமுறைச் சட்டத்தில் 144-ஐத் திறந்தால் மனைவி, மக்களுக்கான ஜீவனாம்சம்! இன்னும் கொடுமை 482. வழக்கை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்துக்குப் போகும் பிரிவு அது. இன்று அதற்கு 528. புதிய 482 முன்ஜாமீனுக்கு. பழைய ஞாபகத்தில் மனு டைப் அடித்தால், வழக்கை ரத்து செய்யப் போனவர் முன்ஜாமீன் கேட்டு நிற்பார்.

351 இன்னொரு வேடிக்கை. நியாய சன்ஹிதாவில் அது குற்றமுறு மிரட்டல், சுரக்ஷா சன்ஹிதாவில் எதிரியை நீதிபதி கேள்வி கேட்கும் கட்டம், அதாவது பழைய 313. ஆகவே எண்ணை மட்டும் சொல்லாதீர்கள், எந்தச் சட்டம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்படியானால் பழைய புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடலாமா? அதுவும் கூடாது. 2024 ஜூன் 30 ராத்திரி 11 மணிக்கு நடந்த அடிதடிக்குப் பழைய தண்டனைச் சட்டம். இரண்டு மணி நேரம் கழித்து அதே தெருவில் நடந்ததற்குப் புதிய சட்டம். பழைய வழக்குகள் இன்னும் பல வருஷம் நடக்கும். இந்தத் தலைமுறை கிரிமினல் வக்கீல் இரண்டையும் படித்தாக வேண்டும். வேறு வழி இல்லை.

புதிதாக வந்தவற்றையும் கவனியுங்கள். செயின் பறிப்பு இப்போது 304-வது பிரிவில் 'பறித்தல்' என்று தனிக் குற்றம். 7 வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வருவதைப் புதிய சட்டம் கேட்கிறது. வீட்டில் சோதனை போடுவதை வீடியோ எடுக்க வேண்டும். செல்போன் பதிவைச் சாட்சியமாக்க, அந்த ஃபைலின் ஹாஷ் மதிப்பு எழுதிய சான்றிதழ் வேண்டும். அது என்னவென்று தெரியாத ஜூனியருக்கு நாளை குறுக்கு விசாரணையில் வேலை இல்லை.

உஷார் 4: இங்கிலீஷ் மட்டும் போதாது

'என் பெண் கான்வென்ட், இங்கிலீஷ்ல வெளுத்து வாங்குவா' என்று நிம்மதியாக இருக்கும் பெற்றோரே, திருச்சி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஒரு கேஸ் கட்டைப் பிரித்துப் பாருங்கள். முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர், மாதிரி வரைபடம், சாட்சிகளின் வாக்குமூலம் எல்லாம் தமிழ். அதிலும் பல ஏட்டையாவின் கையெழுத்து. 'மேற்படி எதிரியானவர் மேற்படி வாதியை' என்று முக்கால் பக்கத்துக்கு முற்றுப்புள்ளி இல்லாமல் ஓடும் வாக்கியத்தில், அடித்தது யார், அடி வாங்கியது யார் என்று பிரித்தெடுப்பதுதான் தொழில். சாட்சி பேசுவதும் தமிழ்தான், அதுவும் அவரவர் ஊர்த் தமிழ். இது புரியாமல் குறுக்கு விசாரணைக்கு எழுந்து நின்றால், கட்சிக்காரர் உள்ளே போவார், நீங்கள் வெளியே வருவீர்கள்.

உஷார் 5: கூட்டல் கழித்தலும் கிரிமினல் சட்டமே

கிரிமினல் வக்கீல் என்றால் கொலை, கொள்ளை என்று நினைப்பவர்களுக்கு ஸ்ரீரங்கம் வாக்காளர்கள் பதில் சொல்வார்கள். 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரு தனி நீதிமன்றம் சொத்துக்குவிப்பு வழக்கில் ஜெயலலிதாவுக்கு 4 வருஷ சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. அவர் எம்.எல்.ஏ.வாக இருந்த ஸ்ரீரங்கம் தொகுதி காலியானது. 2015 பிப்ரவரி 13-ல் இடைத்தேர்தல். ஒரு கிரிமினல் வழக்கு நம் ஊர் விரலில் மை வைத்தது.

அந்த வழக்கில் கத்தியும் இல்லை, ரத்தமும் இல்லை. கட்டட மதிப்பு, வங்கிக் கடன், வரவு, செலவு என்று கணக்குத்தான். 2015 மே 11-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை செய்தபோது, தீர்ப்பில் இருந்த கடன் பட்டியலை அரசுத் தரப்பு மறுபடி கூட்டிப் பார்த்தது. 24 கோடியே 17 லட்சம் என்று எழுதியிருந்த மொத்தம், கூட்டினால் 10 கோடியே 67 லட்சம்தான் வந்தது. 13.5 கோடி வித்தியாசம்! வருமானத்துக்கு மீறிய சொத்து வெறும் 8.12 சதவீதம்தான் என்ற முடிவு எந்தக் கணக்கின் மேல் நின்றதோ, அந்தக் கணக்கே ஆடிப்போனது. ஜெயலலிதா 2016 டிசம்பரில் மறைந்ததால் அவர் மீதான மேல்முறையீடு அற்றுப்போனது. உடன் குற்றம் சாட்டப்பட்ட மற்ற மூவரின் தண்டனையை 2017 பிப்ரவரி 14-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

அசலைப் பார் என்று ஆரம்பத்தில் சொன்னது இதைத்தான். தீர்ப்பாகவே இருந்தாலும் கூட்டிப் பார். 'எனக்குக் கணக்கு வராது, அதான் லா எடுத்தேன்' என்பவர்கள் இன்னொரு முறை யோசிப்பது நல்லது.

உஷார் 6: சாட்சியை நம்பினால் என்ன ஆகும்?

எம்.கே.தியாகராஜ பாகவதர் திருச்சியில் வளர்ந்தவர், அவர் நினைவிடமும் திருச்சியில்தான். 1944 நவம்பரில் சென்னையில் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். 'ஹரிதாஸ்' படம் ஓடிக்கொண்டிருந்த உச்சத்தில், டிசம்பரில் அந்தக் கொலை வழக்கில் பாகவதரும் நடிகர் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். ஜூரி விசாரணை நடந்து 1945-ல் ஆயுள் தண்டனை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி வந்தது. சாட்சியங்கள் நம்பத்தகுந்தவையல்ல என்று 1947 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. விடுதலை கிடைத்தது, போன இரண்டு வருஷத்துக்கும் மேலான வாழ்க்கை கிடைக்கவில்லை. பாகவதரின் மார்க்கெட்டும் பழையபடி எழவில்லை.

அன்று ஜூரிகள் நம்பிய சாட்சியங்களைத்தான் பிறகு நீதிபதிகள் தள்ளினார்கள். இந்தத் தொழிலில் கைதவறினால் உடைவது ஒரு மனுஷனின் வாழ்க்கை. அரசுத் தரப்பில் நின்றாலும் எதிர்த்தரப்பில் நின்றாலும் இதை மறந்தவர் இந்தப் பக்கம் வராமலிருப்பதே ஊருக்கு நல்லது.

உஷார் 7: 'நேரா ஜட்ஜ்' விளம்பரம்

'படிப்பு முடிஞ்ச கையோட சிவில் ஜட்ஜ், எங்க கோச்சிங் சென்டர்ல சேருங்க' என்ற பழைய போஸ்டர் இன்னும் ஒட்டியிருந்தால் கிழித்துவிடுங்கள். கீழமை நீதிபதி பதவிக்கு வர 3 வருஷ வக்கீல் அனுபவம் வேண்டும் என்று 2025 மே 20-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்து கணக்கு. 10 வருஷ அனுபவமுள்ள வக்கீல் ஒருவரின் சான்றிதழும் வேண்டும். அரசு உதவி வழக்கறிஞர் வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி. கேட்பது கிரிமினல் கோர்ட்டில் 5 வருஷ அனுபவம். ஆகவே சீனியரிடம் பெயருக்கு மட்டும் சேர்ந்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்ற கணக்கு பிறகு உதைக்கும். முதல் நாளிலிருந்தே எந்தக் கேஸ், எந்தக் கோர்ட், என்றைக்கு ஆஜர் என்று ஒரு நோட்டுப் போடுங்கள்.

பட்டம் வாங்கிப் பதிவு செய்தாலும் அகில இந்திய பார் தேர்வு காத்திருக்கிறது. பதிவுக் கட்டணத்திலும் உஷார். வக்கீல்கள் சட்டப்படி பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 125 ரூபாய். முத்திரைத்தாள் செலவு தனி. அதற்கு மேல் பார் கவுன்சில்கள் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 'என்ரோல்மெண்டுக்கு மொத்தமா இவ்வளவு குடுங்க' என்று இடையில் நிற்பவருக்கு இந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

உஷார் 8: முதல் மூன்று வருஷப் பசி

ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 15,000 ரூபாய், சென்னை, மதுரை, கோவையில் 20,000 என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தக் கணக்கில் திருச்சிக்கு 15,000. ஆனால் எல்லாச் சீனியரும் தருவார்கள் என்று நம்பி பைக்குக்குத் தவணை போட்டுவிடாதீர்கள். சேரும்போதே வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள். வீட்டிலும் மூன்று வருஷச் சாப்பாட்டுக்கு வழி பார்த்துக்கொள்ளுங்கள். சட்ட உதவி மையங்களில் கைதிகளுக்காக வாதாடும் திட்டத்தில் உதவி வக்கீல் இடங்கள், 3 வருஷம் வரை அனுபவம் உள்ள இளையவர்களுக்கு என்றே இருக்கின்றன. அந்த அறிவிப்பு வருகிறதா என்று மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்டுக்கொண்டே இருங்கள்.

காசு இல்லாத அந்த நேரத்தில்தான் தப்பான ஆட்கள் தேடி வருவார்கள். ரிமாண்ட் ஆன அன்று ஸ்டேஷன் வாசலில் கேஸ் பிடித்துத் தரும் புரோக்கர், 'ஜாமீன் ஸ்பெஷலிஸ்ட்' என்று ரீல்ஸ் போடச் சொல்லும் நண்பர், 'இந்தக் கவரை உள்ளே இருக்கும் அண்ணனிடம் கொடுத்துடுங்க சார்' என்று ஜெயில் வாசலில் நிற்கும் கட்சிக்காரர். விளம்பரம் செய்து கேஸ் பிடிப்பது பார் கவுன்சில் விதிப்படி ஒழுங்கீனம். கவர் கொண்டுபோவது அதைவிட மோசம். கட்சிக்காரர் உங்களிடம் சொன்னதைச் சட்டம் ரகசியமாகக் காக்கும், ஆனால் குற்றத்துக்கு உடந்தையாகப் போனால் காக்காது. ஒழுக்கக்கேடான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர், விடுதலையாகி 2 வருஷம் ஆகும்வரை வக்கீலாகப் பதிவே செய்ய முடியாது.

சரி, இவ்வளவையும் படித்த பிறகும் ஆசை அப்படியே இருக்கிறதா? அப்படியானால் காசு செலவில்லாத ஒரு பரீட்சை இருக்கிறது. நீதிமன்றம் பொதுமக்களுக்குத் திறந்த இடம் என்று சட்டமே சொல்கிறது. சில வழக்குகளைத் தவிர மற்றதை யாரும் உட்கார்ந்து பார்க்கலாம். பிள்ளையை ஒரு வாரம் கன்டோன்மெண்ட் கோர்ட்டுக்கு அனுப்புங்கள். செல்போனை அணைத்துவிட்டு, பின் பெஞ்சில், காலை பத்தரையிலிருந்து சாயங்காலம் வரை உட்காரட்டும். வாய்தா மேல் வாய்தா, சாட்சி வரவில்லை, எஸ்கார்ட் இல்லாததால் கைதி வரவில்லை என்று நாள் நகரும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, 'சே, போர்ப்பா' என்றால் மூன்று வருஷமும் சில லட்சமும் மிச்சம். 'அந்த மூணாவது சாட்சி காலையில சொன்னதும் மத்தியானம் சொன்னதும் ஒத்துப்போகலப்பா' என்றால், அட்மிஷன் பாரத்தை எடுத்து நீட்டுங்கள்.

நீட்டுமுன் அந்தப் பாரத்தையும் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.